தோட்டப் பாடசாலைகளுக்கு "பிளேன் பாஸ்" பண்ணித் தருவதாக வரும் ஆளிடம் காசு கொடுக்காதீர்கள்

மலையகத்தில் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலோ பழைய மாணவர் சங்கத்திலோ இருப்பவர்கள் இதைப் பொறுமையாக வாசியுங்கள். கட்டடம் கட்டவோ திருத்தவோ காசு சேர்த்து வைத்திருக்கும் பாடசாலைகளைத் தேடி ஒரு புரோக்கர் வருகிறார். கட்டட வரைபடத்துக்குப் பிரதேச சபை அனுமதி (அதுதான் பிளேன் பாஸ்), மண்சரிவு அறிக்கை, எல்லாம் சேர்த்து ஒரே பெக்கேஜ் என்கிறார். எங்களிடம் வாங்கியது ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம் ரூபாய். தந்ததெல்லாம் போலிக் கடிதம். பொலிஸில் முறைப்பாடு இருப்பதால் பெயரைப் போடவில்லை. ஆள் வேலை செய்யும் விதத்தைச் சொன்னால் உங்களுக்கே பிடிபடும்.

நான் சங்கத்தில் பெற்றோர் பிரதிநிதி. எங்களுடையது தோட்டத்துக்குள் இருக்கும் சின்னப் பாடசாலை. கொழும்பிலும் கட்டாரிலும் வேலை செய்யும் பழைய பிள்ளைகள் அனுப்பிய காசில் இரண்டு வகுப்பறை, பெண் பிள்ளைகளுக்கு மலசலகூடம், பழைய கட்டடத்தில் ஒரு சுவரை எடுத்து அகலப்படுத்துவது என்று முடிவானது. வலயக் கல்விப் பணிமனை தடை சொல்லவில்லை. சபையில் அனுமதி எடுங்கள், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையும் எடுங்கள் என்றார்கள். அதற்கடுத்த வாரமே இந்த ஆள் அதிபர் காரியாலயத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். யார் சொல்லி வந்தார் என்று இன்று வரை தெரியாது. எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அது பொலிஸுக்குச் சொல்லியாயிற்று.

நல்ல மரியாதையான ஆள். கையில் பைல் கட்டு, காதில் எப்போதும் போன், அந்தப் பக்கம் யாரோ "சேர்" ஒருவரோடு சிங்களத்தில் பேச்சு. முன்னே சபையில் வேலை செய்தவராம். அதிபரிடம் சொன்னது இது: "சேர், நீங்க புள்ளைங்களுக்குப் படிச்சுக் குடுங்க. ஒபிஸ் பக்கத்த நான் பாத்துக்கிறேன்."

காசை மொத்தமாகக் கேட்கவில்லை. பிளேன் கீற ஒரு தொகை, ரீ.ஓ. (சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர்) வந்து பார்க்க ஒரு தொகை, மண் டெஸ்ட்டுக்கு ஒரு தொகை, கடைசியில் "நகர அபிவிருத்தி அதிகார சபைக்குத் தனியா கட்டணும்" என்று பெரிய தொகை. இந்தக் கடைசிக் கதையை நன்றாகக் கவனியுங்கள். அதிகார சபையின் 1978ஆம் ஆண்டு 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில்கூட, எங்களுடையதைப் போன்ற சாதாரணக் கட்டடத்துக்கு விண்ணப்பம் போவது உள்ளூராட்சி சபைக்குத்தான். அனுமதி கொடுக்கும் அதிகாரத்தை அதிகார சபை சபைகளிடமே ஒப்படைத்திருக்கிறது. ரிசிட் கேட்டபோதெல்லாம் "பைல்ல இருக்கு சேர்". வற்புறுத்திக் கேட்டதும் ஒரு கொப்பித் தாளைக் கிழித்து "பிளேன் செலவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாள்தான் இன்று எங்களிடம் இருக்கும் ஒரே எழுத்துச் சாட்சி.

பிறகு இரண்டு கடிதங்கள் வந்தன, ஒன்று சபை அனுமதி, மற்றது மண்சரிவு அறிக்கை. இரண்டும் போட்டோ கொப்பி, இரண்டும் சிங்களத்தில். "ஒரிஜினல் ஒபிஸ்ல தான் இருக்கும், அது வெளிய வராது" என்றார். உண்மையில் அனுமதிப் பத்திரத்தின் மூலப் பிரதி விண்ணப்பம் போட்டவர் கைக்கு வர வேண்டியது.

கடிதத்தை நம்பி மேசன் பாஸ் வேலையைத் தொடங்கினார். அஸ்திவாரத்துக்காக மேட்டை வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து, அனுமதி இல்லாத வேலை, நிறுத்துங்கள் என்றார். அதிபர் கடிதத்தை நீட்டினார். மனுஷன் அதை முழுக்க வாசிக்கக்கூட இல்லை. முத்திரை மேல் விரலை வைத்து, "இந்தப் பேர்ல இப்ப உங்க ஏரியாவுக்கு சபையே இல்லையே" என்றார். 2018இல் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் இரண்டையும் பிரித்து ஆறாக்கினார்களே, அப்போதே எங்கள் பிரிவு வேறு சபைக்குப் போய்விட்டது. கடிதத்தில் திகதி போன வருஷம், முத்திரை பழைய சபையுடையது. பழைய அனுமதிக் கடிதம் ஒன்றை வைத்துப் பெயரையும் திகதியையும் மாற்றியிருக்கிறார்.

மண்சரிவு அறிக்கை இன்னும் மோசம். அதில் இருந்த படத்தைப் பாஸ்தான் பெரிதாக்கிப் பார்த்தார். மேட்டுக்குக் கீழே வயல் தெரிகிறது. தேயிலையும் பைனஸும் தவிர வேறு எதுவும் இல்லாத எங்கள் பக்கத்தில் வயலுக்கு எங்கே போவது? யாரோ தாழ்நாட்டில் வீடு கட்ட எடுத்த அறிக்கை.

காசு போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயத்தோடு ஆட்களை மண் மூடியதைப் பார்த்த சனம் நாங்கள். பிள்ளைகள் உட்காரப்போகும் இடத்துக்குப் பொய் அறிக்கை செய்து கொடுக்க எப்படி மனம் வந்தது? பின்னர் நாங்களே விண்ணப்பம் போட்டு நிறுவனத்தின் அதிகாரி நேரில் வந்து பார்த்தபோது, வெட்டிய மேட்டுக்கு அடியில் கட்டவே கூடாது என்றார். மைதானத்துப் பக்கமாகத் தள்ளி, தண்ணீர் வடிய கானும் தாங்கு சுவரும் போட்டுக் கட்டலாமாம். அதற்குப் புதுப் பிளேன் வேண்டும். வெட்டிய கூலி, கொட்டிய கல், எல்லாம் வீண்.

இதே வேலையில் இறங்கியிருப்பவர்களுக்குச் சொல்கிறேன். விண்ணப்பத்தை அதிபரோ சங்கச் செயலாளரோ நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். கட்டணத்தைச் சபையின் கவுன்டரில் கட்டி, பாடசாலையின் பெயரில் இலக்கம் அச்சிட்ட ரிசிட் வாங்குங்கள். பைல் இலக்கத்தையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆள் யாரும் உங்கள் மண்ணில் கால் வைக்காமல் அறிக்கை வந்தால் அது அறிக்கையே இல்லை. நுவரெலியாவிலும் பதுளையிலும் அவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது, கடிதத்தைக் காட்டி உண்மையா என்று கேட்கலாம். உடைந்த தகரம் மாற்றுவது, பெயின்ட் அடிப்பது வேறு. சுவரை எடுப்பது, மேட்டை வெட்டுவது என்றால் முதலில் சபையில் கேளுங்கள்.

காணி விஷயமும் இருக்கிறது. தோட்டக் காணி அரசாங்கத்துடையது, கம்பனிகளிடம் இருப்பது குத்தகை. அதனால் மெனேஜர் கொடுக்கும் சம்மதக் கடிதத்தை மட்டும் உரித்து ஆவணமாக நினைத்துவிட வேண்டாம். பாடசாலைக்கு எவ்வளவு காணி ஒதுக்கப்பட்டது, வரைபடம் எங்கே என்று வலயத்தில் தேடுங்கள். எங்களுடையது அங்கே ஒரு அலுமாரிக்குள் தூசியோடு கிடந்தது.

சபைக் கவுன்டரில் எங்களுக்குச் சிங்களப் படிவம் மட்டும்தான் நீட்டினார்கள். தமிழில் கேட்டதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய் எடுத்து வந்தார்கள். கேளுங்கள், கேட்டால் இருக்கிறது. புரோக்கர் சொல்வது உண்மையா என்று பார்க்க, 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அதிகாரிக்கு எழுதலாம். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். எங்கள் பாடசாலையின் பெயரில் விண்ணப்பமே பதிவாகவில்லை என்ற பதிலை அப்படித்தான் எழுத்தில் எடுத்தோம். பொலிஸில் அதுதான் பெரிதாக உதவுகிறது. "அந்த சேருக்குக் கொஞ்சம் குடுக்கணும்" என்று பேச்சு வந்தால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு எடுங்கள். கொடுப்பதும் குற்றம்தான்.

ஆள் இப்போது போன் எடுப்பதில்லை. ஆனால் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்குப் போயிருப்பதாகக் கேள்வி. உங்களிடமும் காசு வாங்கியிருந்தால் கொப்பித் தாள், வாட்ஸ்அப் குரல் பதிவு, எது இருந்தாலும் அழிக்காமல் எனக்கு இன்பொக்ஸில் சொல்லுங்கள். ஒரே ஆள் மேல் இன்னும் இரண்டு மூன்று முறைப்பாடு சேர்ந்தால் வழக்கு நகரும் என்று பொலிஸ் பொறுப்பதிகாரி சொல்லியிருக்கிறார்.