ரூ.3,500 வாங்கிக்கொண்டு டி டிரைவைத் துடைத்துவிட்டார்கள்: வேலூர்க்காரர்களே, உஷார்

காட்பாடி ரோட்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. பெயரை இங்கே நான் போடவில்லை. லைட்ரூம் கிளாசிக்கில் (போட்டோக்களை அடுக்கி எடிட் செய்யும் மென்பொருள்) இருக்கும் போட்டோக்களைப் புது கம்ப்யூட்டருக்கு மாற்றித் தர ரூ.3,500 கேட்டார்கள், கொடுத்தாயிற்று. வேலை இவ்வளவுதான்: படங்கள் இருக்கும் பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க்கை அப்படியே புது கேபினெட்டில் மாட்டி அதே 'டி' எழுத்தைக் கொடுப்பது, பழைய சி டிரைவில் இருக்கும் கேட்டலாக்கை (எந்தப் படம் எங்கே, என்ன எடிட் என்று லைட்ரூம் குறித்து வைக்கும் ஃபைல்) புது கம்ப்யூட்டரின் எஸ்எஸ்டிக்குக் காப்பி செய்வது. எழுத்து மாறினால் கேட்டலாக்குக்குப் படம் எங்கே என்று தெரியாது. அதை மூன்று தடவை சொன்னேன்.

டெலிவரி அன்று கடைப் பையன் லைட்ரூமைத் திறந்து மவுஸை உருட்டினான். குடியாத்தம் சிரசுத் திருவிழா, கோட்டை அகழி, கல்யாண ஆல்பங்கள் எல்லாம் வரிசையாக ஓடின. "பாத்துக்கோண்ணா, ஒண்ணு விடாம ஏத்திட்டோம்." அங்கேதான் ஏமாந்தது. ஓடியது ப்ரிவியூ. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சின்ன நகலைக் கேட்டலாக் பக்கத்திலேயே லைட்ரூம் வைத்திருக்கும். அசல் ஃபைல் அழிந்தாலும் படம் தெரியும், மூலையில் குட்டி ஆச்சரியக்குறி மட்டும் விழும். அந்தக் குறியை யார் பார்க்கிறார்கள்? நானும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து டி டிரைவைத் திறந்தால் காலி. உள்ளே இருந்தது 611 ஜிபி. மாட்டுவதற்கு முன்னால் "க்ளீனா இருக்கட்டும்னு" ஃபார்மேட் அடித்திருக்கிறார்கள். யார் கேட்டது?

போன் செய்தால், "சாஃப்ட்வேர் ப்ராப்ளம்ண்ணா, ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு." மறுநாள், "ஓனர் ஆம்பூர் போயிருக்காரு." மூன்றாம் நாள் ஓனரே எடுத்தார்: "படம் தெரியுதுல்ல சார், அப்புறம் இன்னா? ரெக்கவரி வேணும்னா தனியா எட்டாயிரம் ஆகும்." அழித்தவரே விலை சொல்கிறார்! பில்லில் 'டேட்டா ட்ரான்ஸ்பர் ரூ.3,500' என்று ஒரே வரி. எது ட்ரான்ஸ்பர் ஆனது?

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் வருவது இதுதான். கொடுக்கும் முன் போட்டோ ஃபோல்டரின் ப்ராப்பர்டீஸில் ஃபைல் எண்ணிக்கையையும் அளவையும் போனில் படம் எடுத்து வையுங்கள். எல்லாப் படத்தையும் செலக்ட் செய்து கன்ட்ரோல் எஸ் அடித்தால் எடிட் விவரங்கள் கேமராவின் ரா ஃபைல் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற சின்ன ஃபைலாக விழும். கேட்டலாக் போனாலும் அது நிற்கும். வாங்கும்போது கடையிலேயே லைப்ரரி மெனுவில் 'ஃபைண்ட் ஆல் மிஸ்ஸிங் போட்டோஸ்' கொடுங்கள். ஒரே ஒரு காப்பியைக் கடையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். என் பேக்கப் ஆறு மாதப் பழசு, அதற்குப் பிறகு எடுத்தது எல்லாம் போச்சு.

ஃபார்மேட் ஆகிவிட்டால் அந்த டிஸ்க்கில் ஒரு ஃபைல்கூட எழுதாதீர்கள். க்விக் ஃபார்மேட் என்றால் படங்கள் பெரும்பாலும் உள்ளேயே கிடக்கும். ஃபுல் ஃபார்மேட் என்றால் விண்டோஸ் முழுக்க பூஜ்யம் எழுதிவிடும். எஸ்எஸ்டியில் ட்ரிம் (அழித்த இடத்தை எஸ்எஸ்டியே காலி செய்துகொள்ளும் வசதி) ஓடியிருந்தால் க்விக் என்றாலும் ஆசை வேண்டாம். அழிந்த படத்தை மீட்கும் போட்டோரெக் மென்பொருள் இலவசம்தான், ஆனால் பெயர் போய் வெறும் நம்பராக வரும், கேட்டலாக்கோடு ஒட்டாது.

டிஸ்க்கைக் கழற்றித் தனியாக வைத்திருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லியாயிற்று. க்விக்கா ஃபுல்லா என்று கேட்க இன்று சாயங்காலமும் கடைக்கு அடித்தேன், எடுக்கவில்லை.