பெயர்ப்பலகை இல்லாத மெஸ்ஸும் நூலில் தொங்கும் நோட்டும்

தருமபுரி நான்கு ரோட்டிலிருந்து மருத்துவக் கல்லூரிப் பக்கம் போகும் வழியில், ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்த மெஸ். பெயர்ப்பலகை கிடையாது. மதியம் பன்னிரண்டரைக்கு மேல் வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும், அதுதான் அடையாளம். சாப்பாடு 80 ரூபாய், களி 50. மாதக் கணக்கு வைத்தால் இரண்டு வேளைக்கும் சேர்த்து 3,600. சாப்பிடாத வேளைக்குக் கழித்துக்கொள்கிறார்கள்.

சோறு சுமார்தான். திங்கட்கிழமை நன்றாக இருக்கும் சாம்பார் வெள்ளிக்குள் களைத்துவிடும். இங்கே சாப்பிட வேண்டியது களி. கட்டி தட்டாத ராகிக் களி, கீரைக் கடைசல், நிலக்கடலைச் சட்னி. புதன்கிழமை கருவாட்டுக் குழம்பு. திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்தவள் நான். சொதியும் அவியலும் சாப்பிட்டு வளர்ந்த வாய், முதல் உருண்டையை மென்றுகொண்டே இருந்தது. எதிரே இருந்த நர்சிங் மாணவி சிரிப்பை அடக்க மாட்டாமல், "மெல்லாதீர்கள் அக்கா. கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்குங்கள்" என்றாள். பிறகு அவளே தன் இலையில் செய்து காட்டினாள். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் ஆசிரியை அவள்தான்.

களிக்கு இன்னொரு குணம் உண்டு. அது ஒட்டிய கையால் கைப்பேசியைத் தொட முடியாது. இடது கையால் தள்ளிப் பார்க்கலாம் என்றால், பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருப்பவரின் முழங்கை விடாது. வேறு வழியில்லாமல் மனிதர்கள் பேச ஆரம்பிக்கிறார்கள்.

இனி அந்த நோட்டு. நான் கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் வேலை செய்கிறேன். கல்லாவுக்குப் பக்கத்தில் நூலில் தொங்கும் நீள நோட்டைப் பார்த்ததுமே என் கை பரபரத்தது. மாதக் கணக்குக்காரர்கள் தங்கள் பெயருக்கு நேரே தாங்களே கோடு போட்டுக்கொள்கிறார்கள். ரசீது இல்லை, சரிபார்ப்பு இல்லை. ஒரு சங்கத்தில் இப்படி நோட்டு வைத்திருந்தால் மூன்று பக்கத்துக்குத் தணிக்கைக் குறிப்பு எழுதியிருப்பேன். ஆனால் அந்த நோட்டில் பெயரோடு ஊரையும், படிப்பையோ வேலையையோ எழுத வேண்டும். மெஸ் நடத்தும் அக்கா மாலையில் அதைப் புரட்டுவார். இரண்டு மூன்று நாள் கோடு விழாத பெயர் கண்ணில் பட்டால், வழக்கமாக அந்தப் பெயருக்குரியவர் பக்கத்தில் உட்காருகிறவரைப் பிடித்துக்கொள்வார். "அந்த ஊத்தங்கரைப் பையன் ஏன் வரவில்லை? போய்ப் பார்த்துவிட்டு வா, கண்ணு." குரூப் 2 தேர்வுக்குப் படிக்கும் அந்தப் பையன் அறையில் காய்ச்சலோடு கிடந்தான். பார்க்கப் போனவர் பட்டுக்கூடு அங்காடிக்கு வந்துபோகும் ஒரு வியாபாரி. சட்னிக் கிண்ணத்தை நகர்த்தியதைத் தவிர அதற்கு முன் இருவருக்கும் இடையே பேச்சுவார்த்தை இருந்ததில்லை. இப்போது வியாபாரி வராத நாளில் பையன் தேடுகிறான்.

செட்டிக்கரை பொறியியல் கல்லூரி மாணவன் ஒருவனுக்கு ஓசூரில் பயிற்சி இடம் கிடைத்ததும் இந்த பெஞ்சில்தான். ஏற்பாடு செய்தவர் டிராக்டர் உதிரிபாகம் விற்பவர். பொருளாதாரம் கற்பிக்கும் விரிவுரையாளர் ஒருவர் எங்களோடு சாப்பிடுகிறார். அவர் உடனே மார்க் கிரானோவெட்டரை இழுத்தார். அந்தச் சமூகவியலாளர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், பாஸ்டன் அருகே அறிமுகமானவர்கள் மூலம் வேலை பெற்றவர்களை விசாரித்திருக்கிறார். உதவியவரை அடிக்கடி சந்தித்துவந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேர்தான். மற்றவர்களெல்லாம் எப்போதாவதோ அபூர்வமாகவோ பார்த்துக்கொண்டவர்கள். நெருங்கிய நண்பனுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும், எட்ட இருப்பவருக்குத்தான் வேறு உலகத்துச் செய்தி தெரியும் என்பது காரணம்.

கணக்கு எனக்குப் பிடித்தது. ஆனாலும் அது பாதிதான் என்று நினைக்கிறேன். உதிரிபாகக்காரருக்கு எத்தனையோ மாணவர்களைத் தெரியும். இவனுக்காக மட்டும் ஏன் போன் செய்தார்? பையன் அவரிடம் வேலை கேட்கவே இல்லை. ஹைட்ராலிக் பம்பு பற்றி அவர் சொன்ன ஒன்றைத் தவறு என்று மறுத்து, இலையிலேயே விரலால் படம் போட்டான். அவர் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஓசூர் எண்ணைக் கொண்டுவந்து கொடுத்தார். ஹோட்டல் மண்டபம் ஒன்றில் நடந்த 'தொடர்பு வளர்க்கும் பயிற்சி'க்கு நான் பணம் கட்டிப் போயிருக்கிறேன். அரை நிமிடத்தில் தன்னை அறிமுகம் செய்துகொள்ளவும் முகவரி அட்டையை இரு கையாலும் நீட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தேன். ரப்பர் பேண்ட் பயன்பட்டது.

தகடூர் அதியமானைப் பாடிய ஔவை, பல நாள் பலரோடு போனாலும் முதல் நாள் போலவே விரும்பி வரவேற்பான் என்றார். அதே ஊர்தான் என்றாலும் அக்கா அந்த ரகம் இல்லை. முதல் நாள் உங்களைக் கண்டுகொள்ளவே மாட்டார். எனக்கே 'மேடம்' போய்க் 'கண்ணு' வரப் பல வாரங்கள் ஆயின.

குறைகளும் உண்டு. பெண்களுக்கென்று ஒதுக்கிய பெஞ்ச் அடுப்படிச் சுவரை ஒட்டி இருக்கிறது; ஏப்ரலில் அங்கே உட்கார்ந்து சாப்பிடுவது தண்டனை. சொல்லிப் பார்த்துவிட்டேன், அடுத்த வருடம் என்கிறார். ஒரு மணிக்கு இடம் கிடைக்காது. நிம்மதியாக ஒரு வாய் தனியாகச் சாப்பிட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது. உங்கள் சம்பளம், திருமணம், தேர்வு முடிவு எல்லாவற்றையும் கேட்டுவிடுவார்கள். பார்சல் கொடுப்பார், ஆனால் "அறையில் போய் யாரோடு சாப்பிடப்போகிறாய்?" என்று ஒரு கேள்வியோடுதான் கட்டிக்கொடுப்பார்.

ஞாயிறு இரவு விடுமுறை. மாதக் கணக்கில் சேர ஐந்தாம் தேதிக்குள் பாதிப் பணம் கட்ட வேண்டும். யுபிஐ உண்டு, ஆனால் பணம் வந்ததைச் சரிபார்க்க அக்காவின் மகன் கல்லாவில் இருக்க வேண்டும், அவன் பெரும்பாலும் இருப்பதில்லை. சில்லறையாகக் கொண்டுபோங்கள்.