நெட் இல்லாத இடத்தில் மெயில் அட்டாச்மென்ட்: நான்கு வருட அனுபவம்

வால்பாறைப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலைகளில் எலக்ட்ரிக்கல் பேனல் சர்வீஸ் பார்ப்பது என் வேலை. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் டவுனில் சிக்னல் இருக்கும், அங்கிருந்து எஸ்டேட்டுக்குள் போகப் போக ஒவ்வொரு கோடாகக் குறைந்து கடைசியில் ஒன்றுமே இருக்காது. தொழிற்சாலைக்குள் தகரக் கூரை, இரும்புத் தூண்கள் வேறு. வாசலில் நின்றால் ஒரு கோடு வந்தாலும் பேனல் ரூமுக்குள் வராது. எனக்கு வேண்டிய வயரிங் டிராயிங், மோட்டார் டிரைவ் மேனுவல், போன தடவை பார்த்த சர்வீஸ் ரிப்போர்ட் எல்லாம் மெயிலில் அட்டாச்மென்ட்டாகத்தான் வரும். அது லேப்டாப்பில் நெட் இல்லாமல் திறக்கவில்லை என்றால் அன்றைய வேலை அங்கேயே நின்றுவிடும்.

2021 ஜூலை மாதம், நல்ல மழை. ஒரு தொழிற்சாலையில் டிரையர் பேனல் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரிப் ஆகிறது என்று கூப்பிட்டார்கள். நான் போய்ச் சேரும்போது சாயங்காலம். தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் பக்கத்திலேயே நின்றார். "தம்பி, இலை வாடி ரெடியா இருக்கு, ராத்திரிக்குள்ள ஓட்டியாகணும்" என்றார். இலை வாடிய பிறகு காத்திருக்காது, அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். லேப்டாப்பைத் திறந்தேன். மெயில் இருந்தது. சப்ஜெக்ட் இருந்தது, கடிதம் முழுக்கப் படிக்க முடிந்தது, கீழே டிராயிங்கின் பெயரும் அதன் அளவும் தெளிவாக இருந்தன. கிளிக் செய்தால் வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. டீமேக்கரின் பைக்கை வாங்கிக்கொண்டு மழையில் சிக்னல் கிடைக்கும் வளைவு வரை போய், டவுன்லோடு செய்துகொண்டு திரும்ப ஒன்றரை மணி நேரம். கோளாறு என்னவோ ஒரு லூஸ் டெர்மினல்தான், டிராயிங்கைப் பார்த்ததும் பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டேன்.

அன்றிலிருந்து இந்த விஷயத்தை விடவில்லை. நான்கு வருடமாக ஒரே முறையைத்தான் பயன்படுத்துகிறேன், அதில் பட்டதையெல்லாம் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று புரிய வேண்டும், எனக்குப் புரியவே சில வாரங்கள் ஆயின. ஃபைல் பெயரும் அளவும் திரையில் தெரிவதால் ஃபைல் லேப்டாப்பில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இன்றைக்குப் பெரும்பாலான மெயில் ஆப்புகள் ஐமேப் முறையில் ஓடுகின்றன. அதில் மெயிலின் அசல் சர்வரில்தான் இருக்கும். ஆப் கேட்டால் சர்வர் முதலில் ஒரு பட்டியலைக் கொடுக்கும், இந்த மெயிலில் முதல் பகுதி கடிதம், இரண்டாவது பகுதி பிடிஎஃப், அதன் பெயர் இது, அளவு இவ்வளவு என்று. அந்தப் பட்டியலை வைத்தே ஆப் நமக்குப் பெயரையும் படத்தையும் காட்டிவிடும். நாம் கிளிக் செய்யும்போதுதான் இரண்டாவது பகுதியைப் போய் எடுத்து வரும். நெட் நன்றாக இருக்கும் இடத்தில் இந்த இடைவெளி கண்ணுக்கே தெரியாது, அதனால்தான் எஸ்டேட்டுக்குள் போன பிறகு மாட்டிக்கொள்கிறோம்.

முதலில் பிரவுசரிலேயே செய்து பார்த்தேன். ஜிமெயிலில் செட்டிங்ஸ் உள்ளே ஆஃப்லைன் என்று ஒரு பக்கம் உண்டு, குரோமில் திறந்து அதை ஆன் செய்தால் கடைசி 7, 30 அல்லது 90 நாள் மெயிலை லேப்டாப்பில் வைத்துக்கொள்ளும். அட்டாச்மென்ட்டையும் டவுன்லோடு செய் என்று தனியாக ஒரு டிக் இருக்கிறது, அதை மறந்துவிடாதீர்கள். இன்காக்னிட்டோ விண்டோவில் இது வேலை செய்யாது. சமீபத்திய மெயில் மட்டும் போதும் என்பவர்களுக்கு இதுவே போதுமானது, வேறு எதையும் நிறுவ வேண்டாம். ஆனால் எனக்கு 2017இல் வந்த டிராயிங் வேண்டியிருக்கும், 90 நாள் கணக்கு என் வேலைக்குச் சரிப்படவில்லை.

அப்புறம் தண்டர்பேர்டுக்கு வந்தேன். இலவசம், 2004இலேயே 1.0 பதிப்பு வந்த மெயில் மென்பொருள், இன்றும் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். அக்கவுண்ட் செட்டிங்ஸ் போய், உங்கள் மெயில் முகவரிக்குக் கீழே சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ் என்று இருப்பதைத் திறந்தால், இந்த அக்கவுண்ட்டின் எல்லா ஃபோல்டர் மெயிலையும் இந்தக் கணினியில் வை என்று முதல் வரியிலேயே ஒரு டிக் இருக்கும். அதற்குக் கீழே டிஸ்க் இடம் பற்றிய பகுதி. வயது பார்க்காமல் எல்லாவற்றையும் எடு, அல்லது கடைசி இத்தனை நாள் மட்டும் எடு. அதற்கும் கீழே, இத்தனை கேபிக்கு மேல் உள்ள மெயிலை டவுன்லோடு செய்யாதே.

இந்தக் கடைசி வரியில்தான் இரண்டு மாதம் போனது. போன் ஹாட்ஸ்பாட்டில் டேட்டா மிச்சம் பிடிக்கலாம் என்று ஆரம்பத்தில் நானே அதை டிக் செய்திருந்தேன். பெட்டிக்குள் 50 என்று இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன். 50 கேபிக்குள் எந்த டிராயிங் அடங்கும்? அதனால் சின்னச் சின்ன மெயில்கள் எல்லாம் மலையில் திறக்கும், அட்டாச்மென்ட் உள்ள மெயில் மட்டும், இதன் உள்ளடக்கம் ஆஃப்லைனில் படிக்க டவுன்லோடு செய்யப்படவில்லை என்று சொல்லும். நான் நெட்டைக் குறை சொன்னேன், லேப்டாப்பைக் குறை சொன்னேன். டிக்கை எடுத்துவிட்டு ஒரு ராத்திரி வீட்டு வைஃபையில் விட்டதும் சரியாகிவிட்டது. உங்களுக்கும் சின்ன மெயில் திறந்து பெரிய மெயில் திறக்காமல் இருந்தால், வேறு எதையும் நோண்டுவதற்கு முன் இந்த வரியைப் பாருங்கள்.

ராத்திரி விடும்போது ஒன்று. மூடியை மூடினால் லேப்டாப் தூங்கிவிடும், டவுன்லோடும் நின்றுவிடும். சார்ஜரில் போட்டு, பவர் செட்டிங்ஸில் ஸ்லீப்பை நெவர் என்று வைத்து, மூடியைத் திறந்தே விடுங்கள்.

அடுத்த தொல்லை இடம். பிரவுசரில் 9 ஜிபி காட்டிய மெயில்பாக்ஸ் என் டிஸ்க்கில் 20 ஜிபிக்கு மேல் போனது. ஜிமெயிலில் லேபிள் என்பதைத் தண்டர்பேர்டு ஃபோல்டராகத்தான் பார்க்கும். ஒரே மெயில் இன்பாக்ஸில் ஒரு தடவை, ஆல் மெயிலில் ஒரு தடவை, நாம் போட்ட லேபிளில் இன்னொரு தடவை என்று தனித்தனிப் பிரதியாக இறங்குகிறது. அதே செட்டிங்ஸ் பக்கத்தில் அட்வான்ஸ்டு என்ற பட்டனை அழுத்தினால் எந்தெந்த ஃபோல்டர் இறங்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். ஆல் மெயில், ஸ்பேம் இரண்டின் டிக்கையும் எடுத்துவிட்டேன். தொழிற்சாலைக்கு ஒரு லேபிள் என்று ஏற்கனவே பிரித்து வைத்திருந்ததால் எதுவும் விட்டுப்போகவில்லை. லேபிள் போடாமல் ஆர்க்கைவ் செய்யும் பழக்கம் உள்ளவர்கள் ஆல் மெயிலின் டிக்கை எடுக்காதீர்கள், அந்த மெயில்கள் அங்கே மட்டும்தான் இருக்கும்.

அட்டாச்மென்ட் மெயிலுக்குள் போகும்போது அளவு கூடும் என்பதையும் இடம் கணக்கிடும்போது நினைவில் வையுங்கள். ஃபைல் அப்படியே போவதில்லை, எழுத்துகளாக மாற்றப்பட்டுப் போகிறது, மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து என்ற கணக்கு. 6 எம்பி டிராயிங் மெயிலுக்குள் 8 எம்பிக்கு மேல் வரும். 1992இல் வந்த மைம் என்ற ஏற்பாடு இது, அந்த வருடம் மார்ச் 11ஆம் தேதி அதை உருவாக்கியவர்களில் ஒருவரான நத்தேனியல் போரன்ஸ்டீன் ஒரு புகைப்படத்தை இப்படித்தான் மெயிலில் அனுப்பினார். இன்றைக்கும் என் டிராயிங்குகள் அதே வழியில்தான் வருகின்றன என்று நினைத்தால் எனக்கு மரியாதையாகத்தான் இருக்கிறது.

புது மெயில் வந்தும் லேபிள் ஃபோல்டரில் இறங்காமல் இருந்தது இன்னொரு சிக்கல். ஃபில்டர் போட்டு மெயிலை நேராக லேபிளுக்கு அனுப்பினால் இன்பாக்ஸில் எதுவும் தெரியாது, நானும் அந்த ஃபோல்டரைத் திறந்து பார்க்காமலே கிளம்பிவிடுவேன். ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போனால், புது மெயில் எடுக்கும்போது இந்த ஃபோல்டரையும் எப்போதும் பார் என்று ஒரு டிக் இருக்கிறது. ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். எனக்கு முப்பது சொச்சம் லேபிள், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்டேன்.

அதே பிராப்பர்ட்டீஸில் ரிப்பேர் ஃபோல்டர் என்று ஒரு பட்டன் உண்டு. மெயில் தலைப்பு ஒன்று, உள்ளே வேறு மெயில் என்று குழம்பினால் அது நல்ல மருந்து. ஆனால் ஐமேப் ஃபோல்டரில் அதை அழுத்தினால் லேப்டாப்பில் இருக்கும் பிரதியை அழித்துவிட்டு, சர்வரிலிருந்து மறுபடி முதலிலிருந்து இறக்கும். நெட் இல்லாத இடத்தில் தயவுசெய்து தொடாதீர்கள். பேனல் ரூமில் உட்கார்ந்து அதை அழுத்தி, இருந்த டிராயிங்கையும் ஒரு தடவை இழந்திருக்கிறேன். அட்டாச்மென்ட்டில் ரைட் கிளிக் செய்தால் வரும் டிட்டாச் என்பதும் அப்படித்தான், ஃபைலைச் சேமித்துவிட்டு மெயிலிலிருந்து எடுத்துவிடும், சர்வரிலும் போய்விடும். சேவ் மட்டும் போதும்.

எல்லாம் சரியாக வைத்த பிறகும் சில மெயில்களில் டிராயிங் திறக்காது. உற்றுப் பார்த்தால் அங்கே அட்டாச்மென்ட்டே இருக்காது, லிங்க்தான் இருக்கும். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் போனால் ஃபைல் கூகுள் டிரைவுக்குப் போய், மெயிலில் லிங்க் மட்டும் வரும். பேனல் தயாரிப்பாளர்கள் எல்லா ஷீட்டையும் ஒரே பிடிஎஃப்பாக ஸ்கேன் செய்து அனுப்பும்போது இப்படி ஆகிவிடுகிறது. மெயில் பட்டியலில் பேப்பர் கிளிப் அடையாளம் இல்லாமல், உள்ளே மட்டும் ஃபைல் பெயர் தெரிந்தால் அது லிங்க். அதை வீட்டிலேயே டவுன்லோடு செய்துவிட வேண்டும், வேறு வழி இல்லை. இப்போதெல்லாம் அனுப்புகிறவர்களிடமே "சார், ஷீட் வாரியாகப் பிரித்து ரெண்டு மூணு மெயிலா அனுப்புங்க" என்று கேட்டுவிடுகிறேன்.

டவுன்லோடு செய்து சேமித்த ஃபைலே திறக்காமல் போனதும் உண்டு, அன்றுதான் அதிகமாகக் கோபம் வந்தது. நான் சேமித்த டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் ஒரு கிளவுட் சேமிப்போடு சேர்ந்திருந்தது. இடத்தை மிச்சப்படுத்த, நீண்ட நாள் தொடாத ஃபைலை மேலே வைத்துக்கொண்டு லேப்டாப்பில் பெயரை மட்டும் விட்டுவைத்திருந்தது. பழைய கதையேதான், பெயர் இருக்கிறது, ஃபைல் இல்லை. ஃபைல் பக்கத்தில் மேகம் போலச் சின்னப் படம் இருந்தால் அது லேப்டாப்பில் இல்லை. அந்த மாதிரி ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, எப்போதும் இந்தக் கணினியிலேயே வை என்ற வரியைத் தேர்ந்தெடுக்கலாம். நான் அதையும் நம்பாமல் நேராக டி டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு, முக்கியமான இருபது தொழிற்சாலைகளின் டிராயிங்கை அங்கே வைத்திருக்கிறேன்.

மெயிலிலிருந்தே எக்ஸெல்லைத் திறந்து அளவுகளை நிரப்பும் பழக்கம் இருந்தால் உடனே விட்டுவிடுங்கள். அப்படித் திறப்பது தற்காலிக ஃபோல்டரில் இருக்கும் ஒரு பிரதி, அதில் எழுதுவது மெயிலுக்குத் திரும்பப் போகாது, ஆப்பை மூடினால் அந்தப் பிரதியே காணாமல் போகலாம். முதலில் சேவ், பிறகு எழுதுங்கள்.

கூட வேலை செய்யும் நண்பர் அலுவலக மெயிலைப் பழைய அவுட்லுக்கில் பார்க்கிறார். அவருக்கு வேலை சுலபம், அக்கவுண்ட் செட்டிங்ஸில் எவ்வளவு காலத்து மெயிலை லேப்டாப்பில் வைக்க வேண்டும் என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறது, 3 நாளில் ஆரம்பித்து எல்லாமும் என்பது வரை. அது ஒரு வருடத்தில் நின்றதால் பழைய ரிப்போர்ட் கிடைக்காமல் இருந்தது, கடைசி வரை தள்ளிவிட்டோம். நான் அக்கவுண்ட் மாற்றத் தேவையில்லாமல் தண்டர்பேர்டிலேயே இருக்கிறேன்.

பாதுகாப்பு பற்றியும் சொல்ல வேண்டும். இப்படி இறக்கிய மெயில்கள் டிஸ்க்கில் சாதாரண ஃபைலாகத்தான் கிடக்கும். லேப்டாப் தொலைந்தால் டிஸ்க்கைக் கழற்றி யாரும் படிக்கலாம். விண்டோஸில் டிஸ்க் என்கிரிப்ஷனை ஆன் செய்து, ரெக்கவரி கீயைப் பேப்பரில் எழுதி வீட்டில் வைத்த பிறகுதான் நான் பழைய மெயிலை எல்லாம் இறக்கினேன்.

மலை ஏறுவதற்கு முந்தின ராத்திரி செய்வது இதுதான். தண்டர்பேர்டின் ஃபைல் மெனுவில் ஆஃப்லைன், அதற்குள் டவுன்லோடு சிங்க் நவ். மெனு தெரியவில்லை என்றால் ஆல்ட் கீயை அழுத்துங்கள். முடிந்ததும் கீழே இடது மூலையில் இருக்கும் சின்ன ஐகானை அழுத்தினால் தண்டர்பேர்டு ஆஃப்லைனுக்குப் போகும். லேப்டாப் வைஃபையையும் அணைத்துவிட்டு, மறுநாள் போகும் தொழிற்சாலையின் ஃபோல்டரில் பழைய டிராயிங் ஒன்று, போன வாரம் வந்த ஃபைல் ஒன்று, இரண்டையும் திறந்து கடைசிப் பக்கம் வரை உருட்டிப் பார்ப்பேன். ஐந்து நிமிடம் ஆகும். 2023இல் ஒரு பெரிய அப்டேட் வந்து தோற்றம் மாறிய வாரத்தில் மட்டும் இரண்டு தடவை செய்தேன், அட்டாச்மென்ட்டுகள் எல்லாம் இருந்தன.

போன மாதம் அதே தொழிற்சாலைக்கு மறுபடி போனேன், இந்தத் தடவை பிளோயர் மோட்டார். வெளியே மழை, போனில் ஒரு கோடு கூட இல்லை. டீமேக்கர் அண்ணன் "டிராயிங் இருக்கா தம்பி, இல்ல பைக் சாவி தரவா?" என்றார். நான்காவது ஷீட்டைத் திறந்து லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன், அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீ சொல்லப் போனார்.