ஹோஸ் நல்லதுதான், பெட்டியில் எழுதியிருப்பதில் பாதிதான் உண்மை

என் பழைய காரில் இருந்த 5 கியர் கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு, வேறொரு மாடலின் 6 கியர் கியர்பாக்ஸைப் பொருத்தி ஒரு வருடம் ஆகப்போகிறது. கியர் விழுவதில் ஒரு குறையும் இல்லை. கிளட்ச் பெடல்தான் படுத்தியது. முதல் பாதி பஞ்சுபோல அமுங்கும், அப்புறம் திடீரென்று சுவரை மிதித்த மாதிரி கனக்கும். நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தால் இடது முழங்கால் கெஞ்ச ஆரம்பித்துவிடும்.

அதற்காக வாங்கியதுதான் இந்த ஸ்டீல் பின்னல் கிளட்ச் ஹோஸ், அதாவது பெடல் பக்கமிருந்து கிளட்சுக்கு ஆயிலைக் கொண்டுபோகும் குழாய். உள்ளே டெஃப்லான் குழாய், வெளியே துருப்பிடிக்காத கம்பிப் பின்னல், இரண்டு முனையிலும் ஃபிட்டிங், கூடவே புது செம்பு வாஷர்கள். பெட்டியில் ‘பெடல் உறுதியாகும், லேசாகும்’ என்று போட்டிருந்தது. முதல் சொல் உண்மை. இரண்டாவதை நம்பி வாங்கினால் ஏமாறுவீர்கள்.

பழைய ரப்பர் ஹோஸைக் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்தேன். தம்பியைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, நான் காருக்கு அடியில் படுத்து ஹோஸை விரல்களால் பிடித்திருந்தேன். “மிதிக்கிறேன்ணே” என்று அவன் சொல்லும்போதெல்லாம் ஹோஸ் கைக்குள் லேசாகப் புடைத்தது. ஆயில் போய், கியர்பாக்ஸ் பக்கத்தில் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளுவதற்குப் பதில் ரப்பரை ஊதிக்கொண்டிருந்தது. வெர்னியரில் அளந்தால் ஸ்லேவின் தள்ளுகம்பி (புஷ் ராட்) 22 மி.மீ. நகர்ந்தது. புது ஹோஸ் போட்ட பிறகு அதுவே 23.5 மி.மீ. வெறும் ஒன்றரை மில்லிதான், ஆனால் காலுக்குத் தெரிகிறது. பஞ்சுத்தனம் போய், கிளட்ச் பிடிக்கிற இடம் எது என்று இப்போது பாதத்துக்குப் புரிகிறது. இதற்கு முழு மதிப்பெண்.

கனம் மட்டும் குறையவே இல்லை. சொல்லப்போனால் இன்னும் கனத்த மாதிரி இருந்தது. பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன், முதலிலேயே போட்டிருக்க வேண்டும்.

பெடல் பக்கத்தில் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர் காரோடு வந்தது, உள்விட்டம் 3/4 அங்குலம். பழைய கியர்பாக்ஸில் இருந்த ஸ்லேவ் 7/8 அங்குலம், புது கியர்பாக்ஸோடு வந்த ஸ்லேவ் 13/16 அங்குலம். கேட்டால் அற்ப வித்தியாசம். ஆனால் கணக்கில் வருவது விட்டமல்ல, பரப்பளவு. விட்டத்தை வர்க்கப்படுத்திப் பார்த்தால் ஸ்லேவின் பரப்பு கிட்டத்தட்ட 14 சதவீதம் குறைந்துவிட்டது. அதே பிரஷர் பிளேட்டை (கிளட்சை அழுத்திப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் தட்டு) தள்ளவே காலுக்கு 16 சதவீதம் கூடுதல் வேலை. புது பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் வேறு பழையதைவிட முரடு. இத்தனைக்கும் நடுவில் ஹோஸை மாற்றினால் கனம் எப்படிக் குறையும்? ஹோஸ் வெறும் வழிதானே.

இங்கேதான் நான் பேராசைப்பட்டேன். மாஸ்டரின் விட்டம் குறைந்தால் பெடல் லேசாகும் என்று தெரிந்ததும், ஒரேயடியாக 5/8 அங்குல மாஸ்டரை வாங்கிப் போட்டேன். பரப்பு 31 சதவீதம் குறைவு. விரலால் அழுத்தலாம் போல இருந்தது. தம்பி மிதித்துப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது கிளட்சா, ஆர்மோனியக் கட்டையா?” என்றான். சந்தோஷம் ரிவர்ஸ் போடும் வரைதான். கியர் கர்ரென்று கத்தியது. லேசானதற்கு ஈடாகத் தூரம் போய்விட்டது. ஸ்லேவ் இப்போது 16 மி.மீ. சொச்சம்தான் நகர்ந்தது, கிளட்ச் முழுதாக விடுபடவில்லை.

விடாப்பிடியாக, பெடல் பக்கம் இருக்கும் புஷ் ராடைத் திருகி ஃப்ரீ பிளேயை, அதாவது ராட் பிஸ்டனைத் தள்ளத் தொடங்கும் முன் இருக்கும் சிறு ஆட்டத்தை, முழுதும் எடுத்துவிட்டேன். கொஞ்சம் தூரம் கிடைத்தது, கத்தலும் குறைந்தது. ஆனால் அரை மணி நேரம் ஓடி எஞ்சின் சூடேறியதும், ஒரு ஏற்றத்தில் ஆர்பிஎம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. ஃப்ரீ பிளே இல்லாவிட்டால் மாஸ்டரின் பிஸ்டன் முழுதாகப் பின்னுக்கு வராது, ஆயில் தொட்டியான ரிசர்வாயருக்குத் திரும்பும் சிறு துளை மூடியே கிடக்கும். சூட்டில் விரியும் ஆயில் போக இடமில்லாமல் கிளட்சை லேசாக மிதித்தே வைத்திருக்கும். நல்லவேளை, பிளேட் கருகும் முன் ஓரங்கட்டிவிட்டேன். அந்த ராடில் ஏறக்குறைய ஒரு மில்லி ஆட்டம் இருந்தே ஆகவேண்டும்.

கடைசியில் 11/16 அங்குல மாஸ்டர். 3/4-ஓடு ஒப்பிட்டால் 16 சதவீதம் லேசு, அதாவது ஸ்லேவ் மாறியதால் ஏறிய கனத்தை அப்படியே இறக்கிவிட்டது. மீதி இருப்பது பிரஷர் பிளேட்டின் முரட்டுத்தனம் மட்டும், அது பழகிவிடும். ஸ்லேவ் 20 மி.மீ. நகர்கிறது, ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது.

ஹோஸுக்கே வருகிறேன். குறைகள் உண்டு. பின்னலுக்கு மேல் பிளாஸ்டிக் உறை கிடையாது. வெறும் கம்பிப் பின்னல் எதில் உரசினாலும் ரம்பம்தான். மூன்று வாரத்தில் பக்கத்துப் பிராக்கெட்டின் பெயிண்டைத் தின்று இரும்பில் பள்ளம் போட ஆரம்பித்திருந்தது. ஒரு ரப்பர் குழாயை நீளவாக்கில் கீறி மேலே மாட்டிவிட்டேன். நீளமும் தேவையைவிடக் கூடுதல், வளைத்துக் கட்ட வேண்டியிருந்தது. வாங்கும்போது ஃபிட்டிங்கின் மரையைப் பாருங்கள்: 10 மி.மீ. விட்டம், 1.0 மி.மீ. இடைவெளி மரையும், அங்குல அளவில் 3/8 விட்டம், அங்குலத்துக்கு 24 மரையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். தவறானது சில சுற்று ஏறவும் செய்யும், பிறகு ஒழுகும்.

பிளீடிங் செய்ய, அதாவது ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்ற, ஒரு ஞாயிற்றுக்கிழமையே போனது. இந்த கியர்பாக்ஸில் ஸ்லேவ் உட்காரும் கோணத்தில், காற்றை வெளியே விடும் பிளீடர் நிப்பிள் உச்சியில் வருவதில்லை, அதற்கு மேலே ஒரு சிறு காற்றுக் குமிழி தங்கிவிடுகிறது. எத்தனை முறை மிதித்தாலும் வெளியே வராது. ஸ்லேவின் இரண்டு போல்ட்டையும் கழற்றி, பிஸ்டன் வெளியே குதிக்காதபடி கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, நிப்பிள் மேலே வரும்படி சாய்த்துப் பிடித்தேன். அப்போதுதான் குழாயில் ஒரு குமிழி ‘புளுக்’ என்று வந்தது. அந்த ஒரே குமிழிக்காக அரை பாட்டில் டாட் 4 ஆயிலைக் கொட்டியிருந்தேன். பாடியில் சிந்திய இடத்தை உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள், பெயிண்டை உரித்துவிடும்.

ஹோஸுக்கு ஐந்தில் மூன்றரை. உறையோடு வந்திருந்தால் நான்கு கொடுத்திருப்பேன். பெட்டியில் இருக்கும் ‘லேசாகும்’ என்ற சொல்லுக்குச் சுழியம். பெடலில் இப்போது மிச்சம் இருப்பது ஒரு கீச்சு சத்தம், பெடல் ஆடும் அச்சில் இருக்கும் பிவட் புஷ் தேய்ந்திருக்கிறது. அது அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை, தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.