மருந்தில்லா மருத்துவமனையில் அம்மாவும் நானும்

ஜெர்மனியின் மியூனிக் நகரில் வசிக்கும் நான் இம்முறை சென்னைக்கு வந்தபோது, அம்மாவை அழைத்துக்கொண்டு அரும்பாக்கத்தில் உள்ள அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்றேன். அம்மாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும், அண்மைக் காலமாக முழங்கால் வலியும் உண்டு. எனக்கு நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்திருக்கும் வேலையால் வந்த நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், சரியாக வராத தூக்கம். உயிருக்கு ஆபத்தில்லை என்பதாலேயே ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விடப்படும் தொல்லைகள் இவை. வெளிநாட்டில் வாழும் நண்பர்கள் பலர் ஊருக்கு வரும்போது இத்தகைய சிகிச்சையை நாட விரும்புகிறார்கள். ஆனால் அங்கே என்ன நடக்கிறது, எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்பவர்கள் குறைவு என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை வளாகத்தில் சித்த மருத்துவமும் இருக்கிறது, இயற்கை மருத்துவமும் இருக்கிறது. வெளியில் இருந்து வருகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள். சித்த மருத்துவர் சூரணமும் லேகியமும் தைலமும் தருவார். இயற்கை மருத்துவர் மருந்து எதையும் தருவதில்லை. நீர், மண், வெப்பம், வெயில், உணவு, நோன்பு, யோகப் பயிற்சி, பிசைந்துவிடுதல் ஆகியவையே அவருடைய கருவிகள். இவற்றோடு அக்குபஞ்சரும் பல இடங்களில் உண்டு. இதற்கான பி.என்.ஒய்.எஸ். என்ற பட்டப்படிப்பு ஓராண்டுப் பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் நீள்கிறது. உடற்கூறு, உடலியங்கியல், நோயறிதல் எல்லாம் அந்தப் பாடத்திட்டத்தில் உள்ளன. பத்து நாள் முகாமில் சான்றிதழ் வாங்கியவரும் இந்தப் பட்டம் பெற்றவரும் ஒரே பெயரில் அழைக்கப்படுவது நம் ஊரில் உண்மையான சிக்கல் என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு காத்திருந்து உள்ளே போனதும் நான் கண்ட முதல் வேறுபாடு, மருத்துவர் கேட்ட கேள்விகளின் எண்ணிக்கையும் வகையும்தான். இளம் பெண் மருத்துவர் அவர். அம்மாவிடம் முழங்காலைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, காலையில் எழுந்ததும் என்ன குடிப்பீர்கள், மலம் கழிக்க முக்க வேண்டியிருக்கிறதா, இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள், வீட்டில் மாடிப்படி உண்டா, தரையில் அமர்ந்துதான் காய் நறுக்குவீர்களா என்றெல்லாம் கேட்டார். அம்மா முதலில் தயங்கினார்; பிறகு யாரும் கேட்காததால் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினார். “மாத்திரை அட்டையெல்லாம் கொண்டு வந்திருக்கீங்களாம்மா?” என்று கேட்டு, அம்மா பையிலிருந்து எடுத்துக் கொடுத்த ஒவ்வோர் அட்டையையும் திருப்பிப் பார்த்தார். அதில் ஒன்று இரும்புச் சத்து மாத்திரை. அம்மாவின் மலச்சிக்கல் எப்போது தொடங்கியது என்று கேட்டு, அது அந்த மாத்திரை தொடங்கிய காலத்தோடு பொருந்துவதைக் குறித்துக்கொண்டார். உடனே அதை நிறுத்தச் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே இதைச் சொல்லி, அளவையோ வகையையோ மாற்ற முடியுமா என்று கேட்கச் சொன்னார்.

என்னிடமும் அப்படித்தான். இரவு உணவு ஒன்பதரைக்கு, படுக்கை பத்து மணிக்கு என்று நான் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நெஞ்செரிச்சலுக்கான விளக்கத்தில் பாதி அந்த அரை மணி நேர இடைவெளியிலேயே இருந்தது. நிறைந்த வயிற்றோடு படுக்கும்போது இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறுவது எளிது என்பதை ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். ஆனாலும் மலச்சிக்கலும் சோர்வும் சேர்ந்திருப்பதால் தைராய்டு பரிசோதனை செய்துகொண்டு வந்த பிறகே சிகிச்சையைத் தொடங்கலாம் என்றார். இயற்கை மருத்துவர் ஒருவர் முதல் நாளில் எழுதித் தந்தது இரத்தப் பரிசோதனைச் சீட்டு என்பதுதான் எனக்கு அவர்மீது நம்பிக்கையை உண்டாக்கியது.

பரிசோதனையில் குறை ஏதும் இல்லை என்று தெரிந்தபின் சிகிச்சை தொடங்கியது. காலையில் வெறும் வயிற்றில் வயிற்று மண் பட்டி. மேல்மண்ணை நீக்கிவிட்டு ஆழத்திலிருந்து எடுத்த மண்ணைக் காயவைத்து, இடித்து, சலித்து, இரவே தண்ணீரில் ஊறவைத்து விடுகிறார்கள். கல்லோ வேரோ உரமோ கலக்காத மண்ணாக இருக்க வேண்டும் என்பதில் அங்கிருந்த உதவியாளர் அக்கா மிகவும் கண்டிப்பாக இருந்தார். நனைத்த பருத்தித் துணியில் செங்கல் வடிவில் மண்ணைப் பரப்பி, துணியின் ஓரங்களை மடித்து, தொப்புளுக்குக் கீழ் அடிவயிற்றில் வைக்கிறார்கள். முதல் நிமிடம் உடம்பு சிலிர்க்கிறது; வயிற்றுத் தசைகள் தாமாகவே இறுகி, பிறகு மெல்லத் தளர்வதை உணர முடிகிறது. ஏறத்தாழ அரை மணி நேரம் எதுவும் செய்யாமல், கைப்பேசி இல்லாமல், கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். அதன் பிறகு இடுப்புக் குளியல். சாய்வு நாற்காலியைப் போல முதுகு உயர்ந்த தொட்டியில், குளிர்ந்த நீர் தொப்புள் வரை வரும்படி அமர்ந்து, கால்களை வெளியே நீட்டிக்கொண்டு, நனையாமல் போர்வையால் மூடிக்கொள்ள வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே அடிவயிற்றை வலமிருந்து இடமாகத் துணியால் மென்மையாகத் தேய்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பெருங்குடலில் மலம் நகரும் திசையும் அதுதான்.

இந்த இடுப்புக் குளியல் நம் சித்தர் மரபில் வந்தது என்று பக்கத்தில் இருந்த ஒருவர் என்னிடம் பெருமையோடு சொன்னார். உண்மையில் அது நான் வாழும் நாட்டிலிருந்து வந்தது. லைப்சிக் நகரில் 1883இல் சிகிச்சை நிலையம் தொடங்கிய லூயி கூனே வகுத்த முறை அது. மியூனிக்கிலிருந்து மேற்கே, ரயிலில் எளிதாகப் போய்வரும் தூரத்தில் உள்ள பாட் வோரிஸ்ஹோஃபனில் செபாஸ்டியான் க்னைப் என்ற பாதிரியார் குளிர்நீர்ச் சிகிச்சையைப் பரப்பினார். முழங்கால் அளவு குளிர்நீரில் கொக்கு நடை நடப்பதற்கான தொட்டிகளை இன்றும் பவேரிய ஊர்ப் பூங்காக்களில் காணலாம். தென்னாப்பிரிக்காவில் இருந்தபோதே கூனேயின் நீர்க் குளியலையும் இன்னொரு ஜெர்மானியரான அடால்ஃப் ஜஸ்ட்டின் மண் சிகிச்சையையும் தம்மீதே செய்து பார்த்த காந்தியடிகள், 1946இல் புனேவுக்கு அருகே உருளிகாஞ்சனில் இயற்கை மருத்துவ நிலையத்தை உருவாக்கினார். நம் பக்கத்தில் புதுக்கோட்டை லட்சுமண சர்மா போன்றவர்கள் இதை வளர்த்தார்கள். இரு நாடுகளுக்கும் பொதுவான இந்த வரலாற்றை அறிந்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

ஆயினும் அந்த முன்னோடிகள் சொன்ன கோட்பாட்டை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை. எல்லா நோய்களும் அடிப்படையில் ஒன்றே, உடலில் தேங்கும் கழிவே காரணம், அதை வெளியேற்றினால் எல்லாம் தீரும் என்பது கூனேயின் வாதம். காசநோய்க்குக் கிருமியும், முதல் வகைச் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் சுரக்கும் செல்களின் அழிவும் காரணம் என்று நன்றாகத் தெரிந்த பிறகு அந்த வாதத்துக்கு இடமில்லை. என்னைப் பார்த்த மருத்துவரும் கழிவு என்ற சொல்லை ஒருமுறைகூட அந்தப் பொருளில் பயன்படுத்தவில்லை. வெந்நீர் தசையைத் தளர்த்தும், குளிர்நீர் வீக்கத்தையும் வலியையும் சற்றுக் குறைக்கும், ஒழுங்கான நேரத்தில் உண்பதும் நடப்பதும் குடலை ஒழுங்குபடுத்தும் என்ற அளவில்தான் அவருடைய விளக்கம் நின்றது. அன்றாடத் தொல்லைகளுக்கு அந்த அளவே போதும் என்பது என் கருத்து.

உணவில் அவர் சொன்னவை பெரும்பாலும் நம் சமையலறையில் இருப்பவைதான். எனக்குக் காலையில் வெண்பூசணிச் சாறு, மதியம் பொரியலும் கூட்டும் சோற்றை விட அதிகமாக, மாலையில் பழம், இரவு உணவு ஏழு மணிக்குள். காபியை நாளுக்கு ஒன்றாகக் குறைத்தார். அம்மாவின் விஷயத்தில் ஒரு முக்கியமான செய்தி கிடைத்தது. சிறுதானியம் சர்க்கரையை ஏற்றாது என்று நம்பி, அம்மா கம்பங்கூழையும் தினையரிசிச் சோற்றையும் அளவில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதலாக இருந்தாலும் மாவுச்சத்தும் நிறைய இருக்கிறது, கூழாகக் கரைத்தால் இன்னும் விரைவாகச் செரிக்கும், எனவே அரிசியைப் போலவே அளந்துதான் சாப்பிட வேண்டும் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சாறுகளிலும் எச்சரிக்கை உண்டு. சுரைக்காய்ச் சாறு கசந்தால் ஒரு வாய்கூடக் குடிக்காமல் கொட்டிவிட வேண்டும். அந்தக் கசப்புப் பொருள் கடுமையான வாந்தியையும் குடலில் இரத்தக்கசிவையும் உண்டாக்கக்கூடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் நிறைந்த காய்ச்சாறுகளும் இளநீரும் ஆபத்தாகலாம்.

அம்மாவின் முழங்காலுக்கு மண் பட்டியும் ஒத்தடமும் தந்தார்கள் என்றாலும், உண்மையான சிகிச்சை தொடைத் தசைக்கான பயிற்சிதான். நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டி, சில நொடிகள் நிறுத்தி, மெல்ல இறக்கும் எளிய பயிற்சி அது. தூக்கத்துக்காக எனக்கு இரவில் வெந்நீர்க் கால் குளியலும், அதன்பின் நாடி சுத்தி, பிராமரி என்ற மூச்சுப் பயிற்சிகளும் சொல்லப்பட்டன. அம்மாவும் கால் குளியல் செய்யலாமா என்று நான் கேட்டேன். மருத்துவர் அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் ஆங்காங்கே மெல்லத் தொட்டு, “இப்பத் தெரியுதாம்மா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். இரண்டு இடங்களில் அம்மா பதில் சொல்லவில்லை. சர்க்கரை நோயால் கால் உணர்வு குறைந்திருப்பதால் வெந்நீர் சுட்டாலும் தெரியாது, புண்ணாகிவிடும், எனவே கால் குளியல் கூடாது என்றார். அம்மாவின் கால் உணர்வு குறைந்திருப்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அதுவரை தெரியாது.

இதற்கு நேர்மாறான அனுபவம் ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். உறவினர் ஒருவர் பரிந்துரைத்ததால், தங்கிச் சிகிச்சை பெறும் தனியார் நிலையம் ஒன்றுக்கும் அம்மாவை அழைத்துச் சென்றேன். தோட்டமும் குடிலும் அழகாக இருந்தன. ஆலோசனை அறையில் அம்மாவின் கையிலிருந்த மாத்திரை அட்டைகளை வாங்கிப் பார்க்கவே இல்லை. முதல் நாளிலிருந்தே சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாம், சாறு மட்டும் குடித்து நோன்பிருந்தால் நோய் வேரோடு போய்விடும் என்றார்கள். மாத்திரையைச் சட்டென நிறுத்தினால் சர்க்கரை ஏறும் என்பது ஒருபுறம். அதே மையத்தில் வேறொரு பெண்மணி, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே நோன்பும் இருந்து, வியர்த்து நடுங்கிப் படுத்திருந்ததைக் கண்ணெதிரே பார்த்தேன். அவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தபிறகே தெளிந்தார். இன்சுலினோ, கணையத்தைத் தூண்டும் மாத்திரைகளோ எடுப்பவர் உணவைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும் என்பது இந்தத் துறையில் இருப்பவர் அறிந்திருக்க வேண்டிய முதல் பாடம். நாங்கள் அன்றே வீடு திரும்பினோம். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டிலேயே சட்டம் தடை செய்திருக்கிறது; அப்படியிருந்தும் இத்தகைய வாக்குறுதிகள் சாலையோரப் பலகைகளில் இன்றும் நிற்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பலனைப் பற்றிக் கேட்பீர்கள். சில வாரங்களில் என் நெஞ்செரிச்சல் பெருமளவு குறைந்தது, மலச்சிக்கல் தீர்ந்தது, தூக்கம் ஓரளவே மேம்பட்டது. மண் பட்டியால் எவ்வளவு, ஏழு மணி இரவு உணவால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது; உணவு நேரத்துக்கே பெரும்பங்கு தருவேன். அம்மா இப்போது கோயில் வரை உட்காராமல் நடக்கிறார். சர்க்கரை மாத்திரையின் அளவு மாறவில்லை, அதை மாற்றுவதாக யாரும் வாக்களிக்கவும் இல்லை.

குறுகிய விடுமுறையில் வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே சென்றுவிடுவது நல்லது. கடைசி வாரத்தில் போனால் பரிசோதனை முடிவுக்கே நாட்கள் போய்விடும். மருத்துவரின் பட்டத்தையும் பதிவு எண்ணையும் கேளுங்கள், மாத்திரைகளையும் பழைய அறிக்கைகளையும் கையோடு கொண்டு செல்லுங்கள். மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், நெஞ்சு வலி, விழுங்குவதில் சிரமம் இருந்தால் இந்தச் சிகிச்சைக்கு முன் அலோபதி மருத்துவமனையே உங்கள் இடம். சைனஸ் தொல்லைக்கு, மூக்கை நீரால் கழுவும் ஜலநேதியைக் கற்றுக்கொண்டு திரும்பினால், எந்த நாட்டில் இருந்தாலும் கொதிக்கவைத்து ஆறவைத்த நீரையே மூக்கில் விடுங்கள். குழாய் நீரில் மிக அரிதாக இருக்கும் அமீபா மூளையைத் தாக்கக்கூடியது.

அம்மாவுக்கு மூன்று மாதம் கழித்து எடுக்க வேண்டிய சர்க்கரைச் சராசரிப் பரிசோதனையை மருத்துவர் இப்போதே எழுதித் தந்திருக்கிறார். அந்த முடிவின் ஒரு நகலை அரும்பாக்கத்திலும், இன்னொன்றைக் கால் உணர்வு பற்றிய குறிப்போடு சேர்த்து அம்மாவின் வழக்கமான சர்க்கரை மருத்துவரிடமும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். தம்பி அழைத்துச் செல்வதாக ஏற்பாடு.