கீழ்ப்பாக்கம் ஸ்கேன் சென்டர்: அம்மாவின் இடுப்பு வலிக்குக் காரணம் தெரிந்த இடம்

அம்மாவுக்கு 2009-இல் வலது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். பந்தும் உலோகம், கிண்ணமும் உலோகம். அதற்கப்புறம் பல வருஷம் கோயில், மார்க்கெட், மாடிப்படி எல்லாம் தாராளமாக நடந்தார். போன வருஷம் தொடையிடுக்கில் வலி ஆரம்பித்தது. நாற்காலியை விட்டு எழுந்தால் முதல் நாலடி நொண்டித்தான் வைப்பார். எக்ஸ்ரேயில் மூட்டு ஆடவில்லை, எலும்பும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஓர் இடத்தில் முதுகுத்தண்டுதான் காரணம் என்று ஆறு வாரம் பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். வலி கூடியதுதான் மிச்சம்.

மூன்றாவதாகப் பார்த்த எலும்பு மருத்துவர்தான் விஷயத்தைப் பிடித்தார். உலோகத்தோடு உலோகம் உரசும்போது கோபால்ட், குரோமியம் துகள்கள் உதிர்ந்து சுற்றியுள்ள சதையில் இறங்குமாம். சிலருக்கு உடம்பு அதை எதிர்த்துக் கிளம்பும். நீர் கோத்துப் பை மாதிரி திரளும், தசை செத்துப் போகும். இது எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாமல் போகலாம். 2010-இல் டெப்யூ நிறுவனம் தன் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டுகளை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்ற செய்தி பலருக்கு நினைவிருக்கும். அம்மாவுக்கு வைத்தது அது இல்லை, ஆனால் அதே வகை. மருத்துவர் இந்த சென்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

போனில் பேசிய பெண் முதலில் கேட்டதே, "ஆபரேஷன் ஃபைலில் மூட்டோட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதைப் போட்டோ எடுத்து அனுப்புறீங்களா?" என்பதுதான். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. நல்லவேளை, அம்மா அந்த ஃபைலை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார்.

உடம்பில் உலோகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கவே முடியாது என்று பக்கத்து வீட்டில் சொன்னதில் அம்மாவுக்கு வயிற்றில் புளியைக் கரைத்திருந்தது. எடுக்கலாம், படம்தான் கெடும். அங்கே புதிய 3 டெஸ்லா இயந்திரம் இருந்தும் 1.5 டெஸ்லாவில்தான் எடுத்தார்கள். காந்த சக்தி கூடினால் உலோகத்தைச் சுற்றிப் படம் இன்னும் சிதையுமாம். ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் மருத்துவரான ரேடியாலஜிஸ்ட் இரண்டு படங்களை அருகருகே வைத்துக் காட்டினார். சாதாரண முறையில் எடுத்ததில் மூட்டு இருக்கும் இடமே ஒரு பெரிய கறுப்புக் குழி. உலோகச் சிதைவைக் குறைக்கும் முறையில் எடுத்ததில் அந்தக் குழி சுருங்கி, மூட்டுக்குப் பின்னால் தடித்த தோலோடு ஒரு நீர்ப்பை தெளிவாகத் தெரிந்தது. ரிப்போர்ட்டில் 'சூடோட்யூமர்' என்று பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. "இது புற்றுநோய் இல்லம்மா, பேரில் மட்டும்தான் ட்யூமர்" என்று அவரே சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

கோபால்ட், குரோமியம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்க ரத்தம் எடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஊசியைக் குத்தி, உள்ளே பிளாஸ்டிக் குழாயை மட்டும் விட்டுவிட்டு ஊசியை உருவிவிட்டார் அந்தப் பையன். முதலில் வந்த ரத்தத்தைத் தனி டியூபில் பிடித்து ஒதுக்கினார். அடுத்ததைத்தான் கருநீல மூடி போட்ட டியூபில் எடுத்தார்.

"ஏன் தம்பி, அதை வீணாக்குற?"

"ஊசியும் உலோகம்தானேம்மா. அதுல இருந்து துளி கலந்தாக்கூட கணக்கு தப்பாயிடும்."

கோபால்ட் லிட்டருக்கு 11 மைக்ரோகிராம், குரோமியம் 8. பிரிட்டனில் 7-ஐத் தாண்டினால் மேற்கொண்டு விசாரிக்கச் சொல்கிறார்கள். ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது என்று ரேடியாலஜிஸ்ட் அழுத்திச் சொன்னார். எண் குறைவாக இருந்தும் சதை கெட்டவர்கள் உண்டு; சிறுநீரகம் மந்தமானாலும் எண் ஏறும். அதனால் கிரியாட்டினினும் பார்த்தார்கள்.

அடுத்து, கிருமித் தொற்று இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். தொற்றும் இந்த உலோகப் பாதிப்பும் ஒன்றுபோலவே வேஷம் போடும். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு, அல்ட்ராசவுண்ட் துணையோடு மூட்டிலிருந்து நீரை உறிஞ்சினார்கள். மழைத்தண்ணீர் மாதிரி கலங்கிச் சாம்பல் நிறத்தில் வந்தது. அதிலுள்ள அணுக்களை இயந்திரத்தில் எண்ணாமல் மைக்ராஸ்கோப்பில் ஆளே உட்கார்ந்து எண்ணினார்கள். உலோகத் தூளையும் சிதைந்த சதையையும் இயந்திரம் அணு என்று நினைத்துக்கொள்ளுமாம். கல்ச்சரில் கிருமி எதுவும் வளரவில்லை.

குறைகளும் உண்டு. கோபால்ட் பரிசோதனைக்கு ரத்தம் வெளியூர் போகிறது. ரிப்போர்ட் வர ஒன்பது நாள் ஆனது, ஏழு என்று சொல்லியிருந்தார்கள். வாசலில் மூன்று படி, சாய்தளம் இல்லை. இடுப்பு வலியோடு வருபவர்களுக்கான இடத்தில் இது பெரிய தப்பு. அம்மாவை நானும் வாட்ச்மேனும் தாங்கித்தான் ஏற்றினோம். எம்.ஆர்.ஐ.க்கு மட்டும் 9,500 ரூபாய்.

இருந்தாலும் பழைய உலோக மூட்டோடு வலியில் இருக்கும் யாரையும் இங்கே தயங்காமல் அனுப்புவேன். பிளாஸ்டிக் கிண்ணம் வைத்தவர்களுக்கும் உலோகப் பந்து, தொடை எலும்புக்குள் இறங்கும் உலோகத் தண்டில் செருகும் இடத்தில் அரிப்பு வந்து இதே தொந்தரவு வரலாம். தள்ளிப்போட்டால் தசை போய்விடும். அப்புறம் மூட்டை மாற்றினாலும் நடை பழையபடி திரும்புவது கஷ்டம். அம்மாவுக்கு மறு ஆபரேஷன் அடுத்த மாதம். போகிறவர்கள் ஸ்டிக்கரை மறக்காமல் எடுத்துப் போங்கள், படங்களை சிடியில் கேட்டு வாங்குங்கள், ரேடியாலஜிஸ்ட் இருக்கும் காலை வேளையிலேயே போங்கள். அவர் உட்கார வைத்துத் தமிழில் விளக்குகிறார்.