684,400 ரூபா: ஸ்கேன் சென்டர் நடத்துற ஆக்கள் சேர்விஸ் கொன்ட்ராக்ட்டுக்குக் காசு கட்ட முதல் இத வாசிங்க

இண்டைக்குக் காலமை பத்தரைக்கு எடுத்த கோலோட எல்லாம் முடிஞ்சுது. "அக்கா, இனி எங்கட லோயரோட கதைங்க" எண்டு சொல்லிப்போட்டு மெசின் சேர்விஸ்காரன் ஃபோனை வச்சிட்டான். ஆறு இலட்சத்து எண்பத்துநாலாயிரத்து நானூறு ரூபா வாங்கினவன். வாங்கேக்க என்ட வீட்டுக் குசினி வரைக்கும் வந்து போனவன். கை நடுங்க நடுங்கத்தான் எழுதுறன். கோவம் ஆறினா பாதிய விட்டிருவன், அதால இப்பவே எழுதிப்போடுறன். என்னென்ன பார்க்கணும் எண்டு கடைசியில ஒவ்வொண்டா விளக்கமாச் சொல்லுறன், முழுசா வாசிங்க.

கொம்பனிட பேரை எழுதேல்ல. லோயர் வேணாம் எண்டிட்டார். கொழும்புப் பக்கத்து மெடிக்கல் மெசின் சேர்விஸ் கொம்பனி. மெசினை இறக்குமதி செய்த ஏஜன்ட் இல்ல, வெளியால இருந்து சேர்விஸ் மட்டும் செய்யிற ஆக்கள். அவ்வளவுதான் சொல்லேலும்.

நான் டொக்டர் இல்ல. மட்டக்களப்பு டவுனுக்குள்ள சின்னதா ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் சென்டர் வச்சிருக்கம். அக்காட புருசன், என்ட அத்தான், ரேடியோலொஜிஸ்ட். பகல் முழுக்க அரசாங்க ஆஸ்பத்திரி, பின்னேரம் நாலரைக்குப் பிறகு எங்கட இடம். படம் பார்த்து ரிப்போட் எழுதுறது அவர்ட வேலை. வாடகை, கரண்ட் பில், ரெண்டு புள்ளையளுக்குச் சம்பளம், ஜெல், பிரின்ட் எடுக்கிற தேர்மல் பேப்பர், வருசா வருசம் புதுப்பிக்கிற தனியார் மருத்துவ நிறுவனப் பதிவு, எல்லாம் என்ட தலையில. ஒரு ரோல் பேப்பர் என்ன விலை எண்டு அத்தானுக்குத் தெரியாது. அவர் அப்பிடி இருக்கிறதுதான் நல்லது எண்டு நானும் நினைச்சிருந்தன். அதால இந்த 684,400 ரூபா முழுக்க என்ட கையெழுத்தில போனது.

எங்களிட்ட எக்ஸ்ரே இல்ல. எக்ஸ்ரே எண்டா இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவைட லைசன்ஸ் வேணும், 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் இருக்கு, ஈயம் வச்ச அறை வேணும், வேலை செய்யிற ஆக்கள் நெஞ்சில கதிர் அளக்கிற பட்ஜ் குத்தணும். அல்ட்ராசவுண்டுக்குக் கதிர் இல்ல, அதால அந்தக் கரைச்சல் ஒண்டும் இல்ல எண்டு சந்தோசப்பட்டம். இப்பதான் விளங்குது, கரைச்சல் இல்லை எண்டா அந்த மெசின் சரியா வேலை செய்யுதா எண்டு கேட்டு ஒருத்தரும் வாசலுக்கு வரமாட்டாங்க. நாமதான் பார்த்துக்கொள்ளணும்.

மெசின் 2019இல புதுசா எடுத்தது. வொரண்டி முடிஞ்சாப் பிறகு ஏஜன்ட்டோட ஒரு வருசக் கொன்ட்ராக்ட் போட்டிருந்தம். 2022 மார்ச் தொடக்கத்தில 200 ரூபா அளவில நிண்ட டொலர் மே மாசம் 360ஐத் தாண்டினது எல்லாருக்கும் நினைவிருக்கும். அதோட ஏஜன்ட் சொன்ன விலைய எங்களால எட்டிப் பிடிக்க ஏலாமப் போயிற்று. ரெண்டு வருசத்துக்கு மேல கொன்ட்ராக்ட் ஒண்டும் இல்லாம, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சு ஓட்டினம். ஒவ்வொரு நாளும் மெசினை ஒன் பண்ணேக்க நெஞ்சு பக்கெண்டும். அந்தப் பயத்தைத்தான் அவன் மோப்பம் பிடிச்சான்.

போன மாசி மாசம் வந்தான். முப்பது வயசிருக்கும், அழுத்தின சேட், கையில டூல் பெட்டி. "அக்கா, நான் காசு ஒண்டும் வாங்க வரல்ல, ஒருக்காப் பார்த்திட்டுப் போறன்" எண்டான். ட்ரக்போலை, மெசினில கையால உருட்டுற உருண்டையை, கழட்டி ஊத்தை எடுத்தான். பின்னால ஃபில்டரைக் கழட்டிக் காட்டினான், பஞ்சுமெத்தை மாதிரித் தூசி. எனக்கே வெக்கமாப் போச்சு. ஒரு சதம் கேக்கேல்ல. எந்த ஊர் தம்பி எண்டு கேட்டன். "அம்மாட ஊர் மண்டூர் அக்கா" எண்டான். என்ட அம்மம்மாவும் மண்டூர்தான். சின்ன வயசில குருமண்வெளித் துறையில பாதையில, அந்த மிதவைப் படகில, ஏறிப் போய் முருகனைக் கும்பிட்ட கதையெல்லாம் நான் பறைய, அவன் ஒவ்வொண்டுக்கும் தலையாட்டினான். சின்னக் கதிர்காமம் எண்டு சொல்லுற கோயில், வாயைத் துணியால கட்டித்தான் அங்க பூசை செய்வாங்க. இவன் வாயாலயே பூசை செய்திட்டுப் போனான்.

பகல் சோத்துக்கு வீட்ட கூட்டிப் போனன். கணவாய்க் கறியும் எருமைத் தயிரும். சாப்பிட்டுக் கை கழுவிப்போட்டு வந்துதான் பேப்பரை எடுத்தான். நாலு பக்கம், எல்லாம் இங்கிலீஸ். முதல் பக்கத்தில மேல தடிச்ச எழுத்தில "கொம்ப்ரிஹென்சிவ்" எண்டு போட்டிருந்துது. உடம்பில வச்சுப் படம் எடுக்கிற கைப்பிடியைத்தான் நாங்க புரோப் எண்டுறது. "புரோப்பும் சேத்தா தம்பி?" எண்டு கேட்டன். கேட்டன் எண்டத எந்தக் கோயில்லயும் சத்தியம் பண்ணுவன். "எல்லாம் சேத்துத்தான் அக்கா. இல்லாட்டி ஏன் கொம்ப்ரிஹென்சிவ் எண்டு போடுறம்?" எண்டு சிரிச்சான். முழுக்க ஒரே முறையில கட்டினா 10 வீதம் கழிவு எண்டான். கழிச்சு 580,000, அதுக்கு 18 வீத வற் 104,400, மொத்தம் 684,400. அடுத்த நாளே பேங்கால அனுப்பினன். மிச்ச மூண்டு பக்கத்தை நான் வாசிக்கேல்ல. வாசிக்கேல்லத்தான். திட்டுறவங்க திட்டுங்க, வீட்டில எல்லாரும் திட்டி முடிச்சிட்டாங்க.

வயிறு பார்க்கிற வளைஞ்ச புரோப், கொன்வெக்ஸ் எண்டு சொல்லுறது, அதுதான் எங்கட சென்டருக்கு அடுப்பு மாதிரி. கர்ப்பிணிமார், கல், ஈரல், சிறுநீரகம் எல்லாம் அதாலதான். ஆனி மாசம், கச்சான் அடிச்சு ஊரே காய்ஞ்சு கிடக்கிற நேரம், படத்தில மேல இருந்து கீழ கறுப்புக் கோடு ஒண்டு விழத் தொடங்கிச்சு. மறுகா ரெண்டு. அத்தான் பார்த்திட்டு, உள்ளுக்க கிறிஸ்டல் செத்திருக்கு எண்டார். புரோப்பிட வாயில நூற்றுக்கு மேல மெல்லிசான கிறிஸ்டல் வரிசையா இருக்குமாம், ஒவ்வொண்டுக்கும் மயிர் மாதிரி வயர். கேபிளுக்கு மேல ட்ரொலிச் சில்லு ஏறினாலும் போகும், கை தவறி விழுத்தினாலும் போகும், வயசிலயும் போகும். கோடு விழுந்த இடத்தில படம் மட்டுமில்ல, ரத்த ஓட்டம் பார்க்கிற டொப்ளர் அளவும் நம்பேலாது எண்டார்.

நான் பதறேல்ல. கொன்ட்ராக்ட் இருக்கே. கோல் எடுத்தன், ரெண்டு நாளில வந்தான். அந்தத் தடவை மட்டும்தான் சொன்ன நேரத்துக்கு வந்தான். "இத கொழும்புக்குக் கொண்டு போகணும் அக்கா, ஒரு கிழமை" எண்டான். நானே பெட்டியில வச்சு, பஞ்சு சுத்தி, அவன்ட கையில குடுத்தன். ரிசீற் கேக்கேல்ல. புரோப்பில இருக்கிற சீரியல் நம்பர் குறிக்கேல்ல. ஃபோனில ஒரு படம் எடுக்க அரை நிமிசம் போதும், அதுவும் அயத்துப் போச்சு. நம்மட ஊர்ப் புள்ளைதானே.

ஒரு கிழமை மூண்டு கிழமையாச்சு. முதல்ல, "இஞ்சினியர் லீவு." மறுகா, "பார்ட் எயார்போட்டில நிக்குது." பிறகு வட்ஸ்அப்பில நீலக் கோடு மட்டும் விழும், பதில் வராது. ஒபிசுக்கு எடுத்தா சிங்களத்தில ஒரு புள்ளை கதைக்கும், சேர் மீட்டிங்கில எண்டு சொல்லிப் பாட்டுப் போட்டு விடும். அந்தப் பாட்டு எனக்கு இப்ப மனப்பாடம். ஒருக்கா அவனே எடுத்து, "அக்கா, மண்டூர்த் திருவிழாவுக்கு வருவன்தானே, அப்ப கையோட கொண்டாறன்" எண்டான். என்ன நெஞ்சுரம் பாருங்க. கொடியேற இன்னும் எத்தினை நாள் கிடக்கு!

அந்த மூண்டு கிழமையும் மற்றப் புரோப்பை வச்சு தைரொய்ட்டும் கட்டியும் மட்டும் பார்த்தம். வாகரையில இருந்து ரெண்டு பஸ் மாறி வந்த ஒரு புள்ளை, இருபது வாரம், ஸ்கேனுக்கு எண்டு வந்தது. இல்ல எண்டு சொல்லி அனுப்பினன். புருசன்காரன் ஒண்டும் சொல்லேல்ல, ஆட்டோவுக்கு எவ்வளவு எண்டு மட்டும் கேட்டான். ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்து அனுப்பினது அத்தான். எனக்கு அண்டிரவு சோறு இறங்கேல்ல.

கடைசியா கூரியரில வந்துது. அவன் வரேல்ல. கொழுவிப் பார்த்தா முதல் இருந்ததை விட மோசம், ஒரு கரை முழுக்கக் கறுப்பு. கல்முனையில சென்டர் வச்சிருக்கிற ஒரு அண்ணனுக்கு எடுத்தன். அவர்தான் சொல்லித் தந்தார்: புரோப் வாயில ஒள்ளுப்பம் ஜெல் பூசி, பேப்பர் கிளிப் ஒண்டைக் குறுக்கா வச்சு, ஒரு கரையில இருந்து மற்றக் கரைக்கு மெல்ல மெல்ல இழுக்கச் சொன்னார். கிளிப் போற இடமெல்லாம் திரையில வெள்ளையா ஒரு கோடு கீழ இறங்கும். எங்க மங்குதோ அங்க கிறிஸ்டல் இல்ல. இழுத்துப் பார்த்தன். ஆறு இடத்தில மங்கிச்சு. போகேக்க ரெண்டே ரெண்டு கோடு.

மறுகா அந்த அண்ணன் கேட்டார், "நம்பர் ஒண்டா தங்கச்சி?" எண்டு. அப்பதான் என்ட வயிறு கலங்கிச்சு. பழைய வொரண்டிப் பேப்பரைத் தேடி எடுத்தன், 2019இல வந்தது. கொழுவுற தலையில ஒட்டியிருக்கிற நம்பரும் பேப்பரில இருக்கிற நம்பரும் வேற. எங்கட புரோப்பே இல்ல! ஆர்ர புரோப்பையோ எங்களுக்கு அனுப்பிப்போட்டு, எங்கடையை எங்கயோ வித்திருக்கிறாங்க. வேற என்ன நினைக்கச் சொல்லுறீங்க?

கோல் எடுத்தன். முதல் பதில்: "உங்கட கரண்ட் சரியில்ல அக்கா, வோல்டேஜ் ஏறி இறங்குது." மெசினுக்குப் பக்கத்தில யூபிஎஸ் இருக்கு, அத செக் பண்ணி ஓகே எண்டு கையெழுத்து வச்சதே அவன்தான். ரெண்டாவது பதில்: "புரோப் கொன்ட்ராக்ட்டில வராது, மூண்டாம் பக்கம் பாருங்க." பார்த்தன். சின்ன எழுத்தில ஒரு வரி. புரோப், மொனிட்டர், பிரின்டர் ஹெட், பற்றரி எல்லாம் விலக்கு. அப்ப உள்ளுக்க என்ன மிச்சம்? ட்ரக்போல் ஊத்தை எடுக்கவா 684,400 ரூபா? மூண்டாவது பதில் ஈமெயிலில: திருத்தின புரோப் ஒண்டு தரலாம், 940,000 ரூபா, பாதி முற்பணம். நம்பர் மாறினதைப் பற்றி ஒரு சொல் இல்ல. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டதுக்குத்தான் இண்டைக்கு லோயர் எண்டான்.

பில்லையும் கிறுகி ஒருக்காப் பார்த்தன். வற் எண்டு 104,400 ரூபா வாங்கியிருக்கிறாங்க, பில்லில வற் பதிவு நம்பர் எண்டு ஒண்டு இல்லவே இல்ல. அந்தக் காசு அரசாங்கத்துக்குத்தான் போச்சுதா எண்டு இறைவரித் திணைக்களத்துக்கு எழுதப் போறன். நுகர்வோர் அதிகாரசபைக்கும் எழுத்தில குடுக்கணும். 2003இன் 9ஆம் இலக்கச் சட்டத்தில மூண்டு மாசத்துக்குள்ள முறைப்பாடு வரணும் எண்டிருக்கு. காசு கட்டினதில இருந்து எண்ணினா அது எப்பவோ போயிற்று, புரோப்பைத் திருத்தி அனுப்பினதில இருந்து எண்ணலாம் எண்டு லோயர் சொல்லுறார். பார்ப்பம். அத்தான் ஒண்டும் சொல்லேல்ல. "விடு, இனிப் பார்த்துச் செய்" எண்டார். அவர் ஏசியிருந்தா எனக்கு ஒள்ளுப்பம் லேசா இருந்திருக்கும்.

விளக்கமா எழுதுறன் எண்டு சொன்னன், நேரமில்ல. மணி நாலேகால். அவசரமாச் சொல்லுறன்: புரோப் வெளிய போகுதெண்டா நம்பரைப் படம் எடுங்க, ரிசீற் இல்லாமக் குடுக்காதீங்க. கொன்ட்ராக்ட்டில விலக்கு எண்டு என்ன போட்டிருக்கு எண்ட பக்கத்தை முதல்ல வாசிங்க, இங்கிலீஸ் விளங்காட்டி ஆரையாவது இருத்தி வாசிப்பிங்க. கழிவு தாறன் எண்டு வருசக் காசை ஒரே முறையில கேட்டாக் குடுக்காதீங்க, மூண்டு மாசத்துக்கு ஒருக்காக் கட்டுங்க. வற் நம்பர் இல்லாத பில்லுக்கு வற் கட்டாதீங்க. பேப்பர் கிளிப் ஒண்டு மெசின் லாச்சிக்குள்ள எப்பவும் கிடக்கட்டும். ஊர் எது எண்டு மட்டும் கேக்காதீங்க.

வெளிய அத்தான்ட கார் சத்தம் கேக்குது. வாசல் வாங்கில எட்டுப் பேர் இருக்காங்க, அதில மூண்டு கர்ப்பிணிப் புள்ளையள். வயிறு பார்க்கிறது இண்டைக்கும் இல்ல எண்டு நான்தான் போய்ச் சொல்லணும்.